கலைவாணரும் மதுரமும்: சிரிப்பு ஜோடியின் கதை

காரியாபட்டிப் பக்கம் பங்குனி, சித்திரை மாதங்களில் ஊருக்கு ஊர் கோவில் பொங்கல் நடக்கும். கரிசல் காட்டில் வேலை குறைந்திருக்கும். கண்மாய் வற்றிக் கிடக்கும். இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு, பாயும் தலையணையுமாக ஜனங்கள் நாடகப் பந்தலுக்கு வந்து இடம் பிடிப்பார்கள்.

நாடகம் என்னவோ வள்ளி திருமணம்தான். ஆனால் எடுத்த எடுப்பில் வள்ளி வந்துவிட மாட்டாள். முதலில் பபூன் வருவார். ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பார். ஒரு பாட்டுப் பாடுவார். பிறகு டான்ஸ்காரப் பெண் வருவாள். இருவரும் பாட்டிலேயே சண்டை போடுவார்கள். பாட்டிலேயே சமாதானம் ஆவார்கள். தூங்கிப் போன பிள்ளைகளைத் தட்டி எழுப்பி, தாய்மார்கள் இந்தக் காட்சியைக் காட்டுவார்கள். வள்ளி வரும்போது பிள்ளைகள் மறுபடியும் தூங்கிப் போகும். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

இப்படி ஓர் ஆணும் பெண்ணும் ஜோடியாக நின்று, பாடிச் சிரிக்க வைக்கும் கலையைச் சினிமாவில் உச்சிக்குக் கொண்டு போனவர்கள் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும். கணவன்-மனைவியான இந்த ஜோடியின் பெயர் விளம்பரத்தில் இருந்தால் போதும், கூட்டம் வந்துவிடும் என்று ஒரு காலம் இருந்தது.

அந்தக் காலத்தின் நடுவில், 1945-ம் ஆண்டில், கணவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஜோடியில் பாதி சிறைக்குப் போயிற்று. மீதிப் பாதி வெளியே நின்றது. ஜனங்களைச் சிரிக்க வைப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத ஒரு பெண் அப்போது என்ன செய்தார்?

அதைத் தெரிந்துகொள்ளக் கதையை முதலில் இருந்து பார்க்க வேண்டும்.

மட்டைக்கு நரம்பு கட்டிய பையன்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி கிருஷ்ணன் பிறந்தார். தகப்பனார் சுடலைமுத்துப் பிள்ளை. தாயார் இசக்கியம்மாள். வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று.

பிறகு கிடைத்த வேலைகளை எல்லாம் செய்தார். டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு கட்டினார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். கொட்டகையில் விற்கப் போன பையனின் கண் காசில் இல்லை, மேடையில் இருந்தது. நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டுக்குப் பஞ்சம் கிடையாது. கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டைக் கேட்டுக் கேட்டு, கதையைப் பாட்டாகவும் பேச்சாகவும் மாற்றி மாற்றிச் சொல்லும் வித்தை அவருக்குச் சின்ன வயதிலேயே படிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் நாடகத் துறையில் சகோதரர் நால்வரின் பெயர் மேலே வந்துகொண்டிருந்தது. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி. இவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். 1918-ம் ஆண்டு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் நடத்திய பையன்கள் நாடக சபையில் சேர்ந்து தொழில் கற்றவர்கள். சுவாமிகள் 1922-ல் காலமானார். 1925-ல் சகோதரர்கள் மதுரை ஸ்ரீபால சண்முகானந்த சபா என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்தக் கம்பெனியில் கிருஷ்ணன் சேர்ந்தார்.

அது பாய்ஸ் கம்பெனி. எல்லா வேஷமும் ஆண் பிள்ளைகளுக்குத்தான். சீதையும் பையன், சாவித்திரியும் பையன். பாட்டு, வசனம், தாளம் எல்லாம் அடித்துச் சொல்லிக் கொடுக்கப்படும். கிருஷ்ணன் அங்கே தேறினார். எந்த நாடகத்திலும் ஆள் குறைந்தால் அந்த வேஷத்துக்கு அவர் தயார். சிரிப்பு வேஷம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்த மேடையில் பெண் கிடையாது. எதிரே ஒரு பெண் நின்று, சொல்லுக்குச் சொல் பதில் கொடுத்தால் சிரிப்பு எப்படி இரட்டிப்பாகும் என்பதைக் கிருஷ்ணன் அங்கே கற்றிருக்க முடியாது. அதைக் கற்றுக்கொள்ள அவர் புனா வரைக்கும் ரெயில் ஏற வேண்டியிருந்தது.

புனா ரெயில்

1930-களில் தமிழ்ப் படம் எடுக்கத் தமிழ்நாட்டில் போதிய ஸ்டூடியோ வசதி இல்லை. பட அதிபர்கள் நடிகர், நடிகைகளை மொத்தமாக ரெயிலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ புனாவுக்கோ கொண்டு போவார்கள். படம் முடிகிற வரைக்கும் அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை.

டி.கே.எஸ். சகோதரர்களின் மேனகா நாடகம் 1935-ல் படமாக வந்தபோது கிருஷ்ணனும் திரையில் தோன்றினார். அடுத்த ஆண்டு சதிலீலாவதி வந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் டைரக்ட் செய்த படம். எம்.ஜி.ராமச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம். கிருஷ்ணனும் அதில் இருந்தார்.

பிறகு வசந்தசேனா என்ற படத்துக்காகப் புனாவுக்குப் போனார். அதே படத்தில் நடிக்க ஸ்ரீரங்கத்தில் இருந்து ஒரு பெண் வந்திருந்தார். பெயர் மதுரம். நல்ல குரல், நடனம் தெரியும், பேச்சில் துடிப்பு. முன்பே படத்தில் நடித்தவர்.

அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். கையில் இருந்த பணம் தீர்ந்துவிட்டதாம். சாப்பாட்டுக்கே திண்டாட்டம். கிருஷ்ணன் மதுரத்தின் நகையை வாங்கிப் பணமாக்கி, எல்லோருக்கும் சோறு போட்டாராம். நகையைக் கொடுத்தவருக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று தெரியாது. ஆனால் இருவரின் வாழ்க்கைக் கணக்கும் பின்னாளில் இப்படியேதான் நடந்தது. அவர் ஊருக்குக் கொடுப்பார். இவர் வீட்டில் சமாளிப்பார்.

புனாவிலேயே இருவருக்கும் கல்யாணம் நடந்தது. கிருஷ்ணனுக்கு ஊரில் ஏற்கனவே நாகம்மாள் என்ற மனைவி இருந்தார். அது மதுரத்துக்கு அப்போது தெரியாது, பிறகுதான் தெரிய வந்தது என்று சொல்லப்படுகிறது. திரையில் எத்தனையோ குடும்பங்களின் குளறுபடியைக் கேலி செய்த மனிதர், தம் குடும்பத்தில் செய்த இந்தக் காரியத்தைச் சாமர்த்தியம் என்று பாராட்ட முடியாது. ஏமாந்தவர் மதுரம். ஆனாலும் அவர் கோபித்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு ரெயில் ஏறவில்லை. பின்னாளில் தன் தங்கையையே கணவருக்கு மணம் முடித்து வைத்தார். அந்தத் தங்கையின் பிள்ளைகள் வீடு நிறைய ஓடியாடின. அந்தக் காலக் குடும்பம் அப்படி. ஒழுகினசேரியில் கட்டிய வீட்டுக்குக் கிருஷ்ணன் மதுர பவனம் என்று பெயர் வைத்தார்.

படத்துக்குள் ஒரு படம்

இந்த ஜோடி தொழில் செய்த விதமே தனி.

இந்தக் காலத்தில் சிரிப்பு நடிகர் ஸ்டூடியோவுக்கு வருவார், கொடுத்த வசனத்தைப் பேசுவார், போவார். கிருஷ்ணன் அப்படி அல்ல. பட அதிபர் அவரிடம் இத்தனை அடி சிரிப்பு வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்வார். அதன் பிறகு பட அதிபருக்கு அதில் வேலை இல்லை. கதை கிருஷ்ணன் குழுவினுடையது. வசனமும் பாட்டும் அவர்கள் பொறுப்பு. புளிமூட்டை ராமசாமி போன்ற நடிகர்களும் அவருடைய ஆட்கள். மூலக்கதையில் ராஜா, மந்திரி, சதி என்று என்னவெல்லாமோ நடந்துகொண்டிருக்கும். நடுநடுவே கிருஷ்ணனும் மதுரமும் தங்கள் சின்னக் கதையோடு வந்து போவார்கள். தனியாக எடுத்து ஒட்டிய காட்சிகள் அவை.

மூலக்கதை மறந்து போன படங்கள் உண்டு. இவர்கள் காட்சி மட்டும் நினைவில் நின்ற படங்களும் உண்டு.

பாட்டுக்கு உடுமலை நாராயணகவி கிடைத்தார். அவரைக் கிருஷ்ணன் குருவாகவே மதித்தார். கவிராயரின் பாட்டில் கடினமான சொல் இருக்காது. தெருவில் பேசுகிற பேச்சு மெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கணவன் பெருமையடித்துக் கொண்டே போவான். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அவன் அளந்த அளப்பெல்லாம் அந்தக் கேள்வியில் சரிந்துவிடும். கொட்டகையில் பெண்கள் பக்கத்தில் இருந்து முதலில் சிரிப்பு கிளம்பும்.

இதில்தான் மதுரத்தின் பெருமை இருக்கிறது. அதற்கு முன்பு மேடைச் சிரிப்பில் பெண்டாட்டிக்குப் பெரும்பாலும் இரண்டு வேலைதான்: ஒன்று, ராட்சசியாகப் புருஷனை அடிப்பது, இல்லையென்றால் அசடாக அடி வாங்குவது. மதுரம் இரண்டும் செய்யவில்லை. புத்தியுள்ள பெண்ணாக நின்றார். கணவன் சொல்வது சரியென்றால் தலையாட்டினார். தப்பென்றால் பாட்டிலேயே திருப்பிக் கேட்டார். கிருஷ்ணனும் அந்தத் தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டார். மேலே வந்து விழாமல், அவருக்கு இடம் விட்டு நடித்தார். ஜோடி நடிப்பில் இது எளிதான காரியம் அல்ல.

உத்தமபுத்திரன் (1940), கண்ணகி (1942), ஹரிதாஸ் (1944) என்று வரிசையாகப் படங்கள். ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. எம்.கே.தியாகராஜ பாகவதரின் பாட்டு ஒரு பக்கம்; கிருஷ்ணன்-மதுரம் ஜோடி ஒரு பக்கம். தமிழ் சினிமாவில் அதற்கு மேல் ஓர் உயரம் அப்போது கிடையாது.

ஹரிதாஸ் வெளிவந்தது 1944 தீபாவளிக்கு. அடுத்த மாதமே இடி விழுந்தது.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கு

சென்னையில் லட்சுமிகாந்தன் என்று ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். நடிகர், நடிகைகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றி வம்பு எழுதுவது அவர் தொழில். முதலில் சினிமா தூது, பிறகு இந்துநேசன். காசு கொடுத்தவரைப் பற்றி எழுதமாட்டார் என்று பேச்சு.

1944-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி அவர் வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

டிசம்பர் மாதத்தில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். கோவைப் பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடுவும் சிக்கினார். கொலைச் சதியில் பங்கு என்பது குற்றச்சாட்டு. நாடே திகைத்துப் போயிற்று. கோர்ட்டு வாசலில் கூட்டம் தாங்கவில்லை.

வழக்கு ஜூரிகள் முன் நடந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945-ம் ஆண்டு மே 3-ந் தேதி ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐகோர்ட்டில் செய்த அப்பீலும் தள்ளப்பட்டது.

இனி ஒரே ஒரு வழிதான். லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில். வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியர்களுக்குக் கடைசிக் கோர்ட்டு அதுதான். அங்கே போக வேண்டுமானால் வக்கீல் செலவு சாதாரணமாக இருக்காது. சம்பாதித்தவர் சிறையில் இருக்கிறார். சம்பாதித்த காலத்தில் அவர் சேர்த்து வைக்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தவர் வீட்டில் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும்?

மதுரம் செய்த காரியம்

வேறு யாராவது என்றால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். ஊரும் அதைத்தான் எதிர்பார்த்தது. கணவன் சிறையில் இருக்கும்போது மனைவி அரிதாரம் பூசிக்கொண்டு மேடையில் ஆடலாமா என்று கேட்கும் காலம் அது.

மதுரம் அரிதாரம் பூசினார்.

கிருஷ்ணனின் பெயரிலேயே என்.எஸ்.கே. நாடக சபா நடந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் பயிற்சி பெற்ற எஸ்.வி.சகஸ்ரநாமம் அதைத் தோளில் தாங்கினார். கிருஷ்ணனை நம்பி இருந்த நடிகர்களும் பின்பாட்டுக்காரர்களும் நடுத்தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பம் நடக்க வேண்டும். வழக்குக்குப் பணம் வேண்டும். மூன்றுக்கும் ஒரே வழி, தினமும் மாலையில் திரை தூக்குவது.

இதில் இருக்கும் கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். சோக நாடகம் என்றால் சொந்தச் சோகத்தை அதில் அழுது தீர்த்துவிடலாம். மதுரத்தின் வேஷம் சிரிப்பு வேஷம். எதிரே நின்று பாட்டுக்குப் பாட்டு வெட்ட வேண்டியவர் இல்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது என்பது பார்க்க வந்த ஜனங்களுக்கும் தெரியும். ஆனாலும் சிரிப்பு வர வேண்டும். டிக்கெட்டு விற்க வேண்டும்.

அந்தச் சபா போட்ட நாடகங்களில் ஒன்று பைத்தியக்காரன். கிழவனுக்கு இளம்பெண்ணைக் கட்டி வைக்கும் கொடுமையைச் சாடும் கதை. நல்ல பெயர் வாங்கிற்று. அதையே படமாக எடுக்கவும் துணிந்தார்கள். இரட்டையர் கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ட் செய்தார்கள். சகஸ்ரநாமமும் மதுரமும் முக்கிய வேஷங்களை ஏற்றார்கள். அப்போது இன்னும் பெரிய நட்சத்திரம் ஆகாத எம்.ஜி.ராமச்சந்திரனும் அதில் நடித்தார்.

இதற்கிடையில் லண்டனில் வழக்கு எடுக்கப்பட்டது. ஐகோர்ட்டு அப்பீலை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்பியது. சென்னையில் மீண்டும் விசாரணை நடந்தது. 1947-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி இருவரும் குற்றவாளிகள் அல்ல என்று விடுதலை செய்யப்பட்டார்கள். சுதந்திரத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

கிருஷ்ணன் வெளியே வந்தபோது பைத்தியக்காரன் படம் வேலையில் இருந்தது. அவருக்காக அதில் காட்சிகள் சேர்க்கப்பட்டன. படம் அந்த ஆண்டே வெளிவந்தது. கைதாகி இரண்டு வருஷத்துக்கு மேல் திரையில் காணாத முகத்தை, மனைவி நடத்திவந்த சபாவின் படத்திலேயே ஜனங்கள் மறுபடியும் பார்த்தார்கள்.

இருவர் திரும்பினார்கள்; ஒருவர்தான் மீண்டார்

ஒரே நாளில் இரண்டு பேர் விடுதலையானார்கள். பாகவதரின் கதை வேறு மாதிரி போயிற்று. கைதானபோது அவர் கையில் ஏராளமான படங்கள் இருந்தன. திரும்பி வந்து நடித்த படங்கள் பழையபடி ஓடவில்லை. தங்கத் தட்டில் சாப்பிட்டதாகப் பேசப்பட்ட மனிதர், 1959-ல் காலமாகும் வரை பழைய சிம்மாசனத்தைக் காணவில்லை.

கிருஷ்ணனுக்கு மட்டும் எப்படிப் பழைய இடம் கிடைத்தது? ஜனங்களின் ருசி மாறிவிட்டது, பாட்டு குறைந்து வசனம் ஓங்கிவிட்டது, அதனால் பாடகர் தோற்றார், பேசத் தெரிந்தவர் பிழைத்தார் என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. பாகவதர் தம் தொழிலைத் தம் தொண்டையிலேயே வைத்திருந்தார். அவர் சிறையில் இருந்தபோது தொழிலும் சிறையில் இருந்தது. கிருஷ்ணனின் தொழில் இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவர் உள்ளே போனபோது மற்றவர் கடையைச் சாத்தவில்லை. திரும்பி வந்தவர் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கவில்லை. விட்ட இடத்தில் வந்து நின்றுகொண்டார்.

அதே 1947-ல் நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்ற பட்டத்தைச் சூட்டினார். இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் வேறு யாரையும் நினைக்கத் தோன்றுவதில்லை.

சிரிப்புக்குள் மருந்து

அடுத்த பத்து ஆண்டுகள் அறுவடைக் காலம்.

1948-ல் ஜெமினியின் சந்திரலேகா. அந்தப் பிரம்மாண்டமான படத்தில் சர்க்கஸ், முரசு நடனம், வாள்சண்டை எல்லாம் உண்டு. அத்தனைக்கும் நடுவில் கிருஷ்ணன்-மதுரம் ஜோடியும் தனித்துத் தெரிந்தது.

1949-ல் நல்லதம்பி. கதை, வசனம் சி.என்.அண்ணாதுரை. முந்திய ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்திருந்தது. குடியின் கேட்டை அந்தப் படம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிற்று. அதில் கிந்தனார் காலட்சேபம் என்று ஒரு பகுதி. நந்தனார் கதை எல்லோருக்கும் தெரியும். கடவுளைக் காண ஏங்கினார் நந்தனார். கிந்தன் படிப்புக்கு ஏங்குகிறான். ஒடுக்கப்பட்ட குலத்துப் பையன். ஊரில் படிக்க வழியில்லாமல் பட்டணம் போய்ப் படித்து, பள்ளிக்கூடங்களைச் சோதனை செய்யும் அதிகாரியாகவே திரும்பி வருகிறான். கதாகாலட்சேபம் செய்யும் பாகவதரைப் போலவே கிருஷ்ணன் அமர்ந்து, பாடி, ஜதி சொல்லி, நடுநடுவே கிண்டலும் செய்வார். கேட்பவர்கள் சிரித்து ஓயும்போது, தாங்கள் எதைக் கண்டு சிரித்தோம் என்று யோசிப்பார்கள். நாலாம் வகுப்போடு நின்ற மனிதர், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார்.

வில்லுப்பாட்டையும் விடவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து இளைஞரான சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்து, காந்தி மகான் கதையை எழுத வைத்துத் தாமே பாடினார். நாகர்கோவிலில் காந்திக்கு நினைவுத் தூணும் எழுப்பினார். 1951-ல் கலைஞர் குழுவோடு சோவியத் நாட்டுக்குப் போய்வந்தார்.

டைரக்ஷனிலும் இறங்கினார். மணமகள் (1951) படத்தில் பத்மினியைக் கதாநாயகி ஆக்கினார். திருவாங்கூர் சகோதரிகள் என்று பெயர் பெற்ற லலிதா-பத்மினி நடன ஜோடியில் இளையவர் அவர். அடுத்த ஆண்டு பணம். பராசக்தி வெளிவந்த இரண்டாம் மாதத்திலேயே சிவாஜிகணேசனுக்கு இந்தப் படம் வந்தது. இசை அமைக்க இரண்டு இளைஞர்களைச் சேர்த்துவிட்டார்கள். விசுவநாதன்-ராமமூர்த்தி என்ற இரட்டைப் பெயர் இந்தப் படத்தில்தான் பிறந்தது. ஜோடியின் பலம் என்ன என்று கிருஷ்ணனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் தேதி (1955) படத்தில் மாதச் சம்பளக்காரரின் கதையை ஒரு பாட்டில் அடக்கினார்கள். மாத ஆரம்பத்தில் குஷி. இருபது தேதி தாண்டினால் திண்டாட்டம். அதைக் கேட்ட குமாஸ்தாக்கள் எல்லோரும் தங்கள் வீட்டுக்குள் யாரோ எட்டிப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

1956-ல் வந்த மதுரைவீரன் நம் பக்கத்து ஜனங்களுக்கு இன்னும் நெருக்கம். மதுரைவீரன் கோவில் இல்லாத ஊர் இந்த வட்டாரத்தில் குறைவு. காட்டில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்க்கும் சக்கிலியத் தம்பதியாகக் கிருஷ்ணனும் மதுரமும் நடித்தார்கள். அவர்களைக் கேலிப் பொருள் ஆக்காமல், பாசமுள்ள தாய் தகப்பனாகக் காட்டினார்கள். அவர்கள் வளர்த்த பிள்ளைதான் எம்.ஜி.ஆர்.

கொடுத்துச் சிவந்த கை

கிருஷ்ணனின் தருமத்தைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. அவற்றில் ஒன்று வருமான வரிக் கதை.

அவருடைய கணக்குப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் தருமம், தருமம் என்றே எழுதியிருந்ததாம். அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏழைத் தகப்பனைப் போல நேரே போய், மகள் கல்யாணத்துக்கு உதவி கேட்டாராம். யார், எவர் என்று விசாரிக்காமலே கிருஷ்ணன் பணம் தரச் சம்மதித்துவிட்டாராம். அதிகாரி தாம் யார் என்பதைச் சொல்லி, கணக்கு சரிதான் என்று எழுந்து போனாராம்.

கேட்க இனிமையான கதை. ஆனால் அந்தப் பணத்துக்காக மறுநாள் யாரிடம் கடன் கேட்டார்கள் என்பதைக் கதை சொல்பவர்கள் சொல்வதில்லை. கலைவாணரின் கடைசிக் காலத்தில் கையில் காசு இல்லை. அந்த வீட்டில் அரிசி, பருப்புக் கணக்குப் பார்த்தவர் மதுரம்.

அரசியலில் எல்லாக் கட்சிக்காரர்களும் அவருக்கு நண்பர்கள். 1957 பொதுத்தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரைக்காகப் பிரசாரம் செய்யப் போனார். எதிர்த்து நின்றவர் அந்த ஊர் டாக்டர். மேடை ஏறிய கிருஷ்ணன் டாக்டரைப் புகழ ஆரம்பித்துவிட்டாராம். கைராசிக்காரர், ஏழைகளுக்கு உதவுகிறவர் என்று அடுக்கிக்கொண்டே போனாராம். அண்ணாதுரையின் ஆட்கள் விழித்தார்கள். கடைசியில், இவ்வளவு நல்ல டாக்டரை ஊரைவிட்டுச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் நோயாளிகள் கதி என்ன, அதனால் அவர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாதுரையை அனுப்பி வையுங்கள் என்று முடித்தாராம். அண்ணாதுரை ஜெயித்தார்.

அது மார்ச் மாதம். அப்போதே கிருஷ்ணனின் உடம்பு தளர்ந்திருந்தது.

தனியாக நின்றவர்

1957-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி சென்னை பொது மருத்துவமனையில் கலைவாணர் காலமானார். நாற்பத்தொன்பது வயது முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

1945-ல் கணவர் சிறைக்குப் போனபோது மதுரம் மேடை ஏறினார். ஏனென்றால் அவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இருந்தது. வரும்போது அவருக்கு ஓர் இடம் வைத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை அது இல்லை. மதுரம் சினிமாவில் இருந்து ஏறக்குறைய ஒதுங்கிவிட்டார். வேறொரு சிரிப்பு நடிகரோடு அவருடைய பெயரை யாரும் ஜோடி சேர்த்துப் பேசவில்லை.

பிள்ளைகள் வளர வேண்டியிருந்தது. வீட்டை நடத்த வேண்டியிருந்தது. அதை எல்லாம் திரை இல்லாமல், கைதட்டல் இல்லாமல் செய்தார்.

1969-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் நாளில், சென்னை தியாகராய நகரில் கலைவாணருக்குச் சிலை திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் முதல்-அமைச்சர் அண்ணாதுரை. நோய் முற்றியிருந்த நிலையில் நண்பருக்காக எழுந்து வந்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அதுதான். பிப்ரவரி 3-ந் தேதி அவரும் காலமானார். சென்னை வாலாஜா சாலையில் குழந்தைகளுக்காக இருந்த பாலர் அரங்கத்துக்குப் பின்னாளில் கலைவாணர் அரங்கம் என்று பெயர் வந்தது.

மதுரம் 1974-ம் ஆண்டு மே 23-ந் தேதி மறைந்தார். ஜோடி பிரிந்த பிறகு அவர் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்திருந்தார்.